ஜலதோஷமும் ஆகாயப் பயணமும்

மார்கழி பிறந்துவிட்டால் வடபுலத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு காரியங்கள் ஒருங்கே நிகழக் காணலாம். ஒன்று, பொங்கலுக்கு ஊர் செல்வதற்கான பிரயாண ஏற்பாடு. மற்றொன்று, வீட்டில் எவரேனும் ஒருவருக்கு ஜலதோஷம். தில்லியின் பனிமூட்டமும் குளிர் காற்றும் பள்ளிப் பிள்ளைகளின் நெருக்கமும் சேர்ந்து, டிக்கெட் வாங்கிய கையோடு தும்மலையும் வாங்கித் தந்துவிடுகின்றன.

ரயிலில் ஒன்றரை நாள் பிரயாணம் செய்து சென்னை சேர்ந்த காலத்தில் ஜலதோஷம் ஒரு தொல்லையாக இருந்ததேயன்றி அபாயமாக இருந்ததில்லை. ஒரு ஃபிளாஸ்கில் சுக்குக் கஷாயமும் ஒரு கம்பளியும் இருந்தால் போதும். ஊர் வரும்போது பாதி நோய் போயிருக்கும். இப்போதோ நம் குடும்பங்களில் பலரும் மூன்று மணிக்கும் குறைந்த நேரத்தில் ஆகாய மார்க்கமாகச் சென்று சேர்ந்துவிடுகிறோம். நேரம் சுருங்கிற்று, ஆனால் அச்சுருங்கிய நேரத்திற்குள் ஒரு மலை ஏறி இறங்குகிறோம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜலதோஷம் பிடித்த காது அதனை எண்ணிப் பார்க்கச் செய்கிறது.

விமானம் இறங்கும் தறுவாயில் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கும் குழந்தைகளையும், நெற்றியில் ஊசி குத்தியது போல் வலிக்கிறதென்று கண் கலங்கும் பெரியவர்களையும் அன்பர்கள் கண்டிருப்பீர்கள். ஊருக்குப் போன நான்கு நாளும் ஒரு காது கேளாமல் கல்யாண வீட்டில் அமர்ந்திருந்தவர்களும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே எழுத எண்ணுகிறோம்.

காதுக்குள் ஒரு சிற்றறை

செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி என்னும் சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதில் நிறைந்திருப்பது காற்று. நாற்புறமும் மூடிய அவ்வறைக்கு வாயில் ஒன்றே ஒன்றுதான். அது நடுச்செவியினின்று மூக்கின் பின்புறத் தொண்டைக்குச் செல்லும் மெல்லிய குழல். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூஸ்டாக்கி என்னும் இத்தாலிய உடற்கூற்று அறிஞரின் பெயரால் அதனை யூஸ்டேஷியன் குழல் என்பர். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். சாதாரண வேளையில் அது மூடியே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மேல் அண்ணத்துத் தசைகள் இழுக்க, ஒரு கணம் திறந்து மூடும். அந்த ஒரு கணத்தில்தான் உள்ளிருக்கும் காற்றும் வெளியிலுள்ள காற்றும் சமன்படுகின்றன.

ஜலதோஷம் பிடித்தால் மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. அச்சவ்வே குழலின் உட்புறத்திலும் தொடர்ந்து செல்வதால் குழலும் வீங்கி அடைபடுகிறது. நடுச்செவிக்கு இருந்த ஒரே வாயிலுக்கும் தாழ் விழுந்துவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்வரை இதனால் பெரிய கேடில்லை; காது சற்று மந்தமாகத் தோன்றும், அவ்வளவே. வெளிக்காற்றின் அழுத்தம் வேகமாக மாறும் இடத்திற்குச் செல்லும்போதுதான் துன்பம் தொடங்குகிறது.

ஏறுவது எளிது, இறங்குவது அரிது

ஜெட் விமானம் பறப்பது முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில். ஆயினும் பிரயாணிகள் அமரும் அறைக்குள் காற்று அடைத்து வைக்கப்படுவதால் உள்ளே அவ்வளவு உயரத்தின் நிலை இராது. சாதாரணமாக அது 8,000 அடி உயரத்து நிலைக்கு மேற்படாதவாறு காக்கப்படுகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் சுமார் 6,000 அடி. நமக்குத் தெரிந்த கணக்கில் சொல்வதானால், 8,000 அடி என்பது உதகமண்டலத்திற்கும் தொட்டபெட்டாச் சிகரத்திற்கும் இடைப்பட்ட உயரம்.

உதகையினின்று மேட்டுப்பாளையம் இறங்க மலை ரயிலுக்கு மூன்று மணிக்கு மேல் ஆகிறது. விமானத்தில் இருப்பவர் அதைவிட அதிகமான இறக்கத்தை ஏறத்தாழ அரைமணியில் இறங்கிவிடுகிறார். இருக்கையை விட்டு அசையாமல் இறங்குவதால் இறங்குவதே தெரிவதில்லை. காதுக்கு மட்டும் தெரிகிறது.

இதனை விளக்க விமானத்திலேயே இரண்டு சான்றுகள் கிடைக்கும. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வரும் முறுக்குப் பொட்டலம் மேலே சென்றதும் பந்து போல் உப்பியிருக்கும். வெளியழுத்தம் குறையவே உள்ளிருக்கும் காற்று விரிகிறது. மேலே தண்ணீர் குடித்துவிட்டு இறுக மூடிவைத்த பிளாஸ்டிக் பாட்டிலோ கீழே இறங்கியதும் நசுங்கிக் கிடக்கும். மேலே அடைபட்ட மெல்லிய காற்றைக் கீழே உள்ள கனத்த காற்று நெருக்குகிறது. குழல் அடைத்த காது ஏறும்போது அந்தப் பொட்டலம். இறங்கும்போது அந்தப் பாட்டில்.

இவ்விரண்டில் இறங்கும்போது நேர்வதே கொடியது. அதற்குக் காரணம் குழலின் அமைப்பு. உள்ளிருந்து வெளியேற முயலும் காற்று குழலின் மெல்லிய உதடுகளைத் தானே தள்ளித் திறந்துகொண்டு போய்விடும். வெளியிலிருந்து உள்ளே புக வேண்டிய காற்றோ அவ்வுதடுகளை மேலும் இறுக்கி மூடிவிடும். உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து தள்ளினால் சாத்திக்கொள்ளும் கதவு போன்றது அது. ஆகையால், "ஏறும்போது ஒன்றும் செய்யவில்லையே, இனி என்ன பயம்?" என்று எண்ணுவது தவறு. ஏறும்போது வலிக்காத காது இறங்கும்போது வலிக்கக் கூடும்.

அமெரிக்க இராணுவ விமான வைத்தியர் ஆர்ம்ஸ்ட்ராங் என்பார், ஹைம் என்பாருடன் சேர்ந்து 1937-இல் இதனை ஆராய்ந்து எழுதினார். உள்ளழுத்தத்திற்கும் வெளியழுத்தத்திற்கும் இடையே உள்ள வேற்றுமை பாதரச அளவில் சுமார் 90 மில்லிமீட்டரை எட்டிவிட்டால், அதன்பின் எவ்வளவு விழுங்கினாலும் தசைகளால் குழலைத் திறக்க இயலாமற் போகும் என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. 8,000 அடியினின்று கடல்மட்டம் வரை உள்ள மொத்த வேற்றுமை ஏறத்தாழ 195 மில்லிமீட்டர். அறையின் அழுத்தம் நிமிஷத்திற்கு 300 அடி வீதம் மாறுவதாகக் கொண்டால், பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிஷங்களுக்குள் அந்த 90 மில்லிமீட்டர் எல்லை வந்துவிடும். அதாவது, இறக்கம் தொடங்கும்போது ஆழ்ந்து உறங்கிக் கால்மணி கழித்து விழித்தால், விழிக்கும்போதே காது பூட்டிக்கொண்டிருக்கக் கூடும். உறங்குபவர் அரிதாகவே விழுங்குவர் என்பதை நினைவில் கொள்க.

இறங்கும் ஊரையும் கவனிக்க வேண்டும். பெங்களூர் விமான நிலையம் கடல்மட்டத்திற்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது; சென்னையும் மும்பையும் கடலோரத்தில் இருக்கின்றன. எனவே பெங்களூரில் இறங்கும் காதைவிடச் சென்னையில் இறங்கும் காதுக்குச் சுமை அதிகம். பதினாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள லே நகரினின்று தில்லிக்கு விடுமுறையில் வரும் நம் படைவீரர்களுக்கு அது இன்னும் அதிகம்.

நெற்றியிலும் கன்னத்திலும்

காதைப் போலவே முகத்து எலும்புகளுக்குள்ளும் காற்றறைகள் உள்ளன. ஸைனஸ் எனப்படும் இவை நான்கு இணைகள். புருவத்திற்கு மேலும், கன்னத்திலும், மூக்குத் தண்டின் இருபுறமும், அதற்குப் பின்னால் ஆழத்திலும் இவை அமைந்திருக்கின்றன. இவை யாவும் சிறு துவாரங்களின் வழியே மூக்குக்குள் திறக்கின்றன. சளியினால் அத்துவாரங்கள் அடைபட்டால், இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து சவ்வு உறிஞ்சப்பட்டு வீங்குகிறது. சில வேளை இரத்தமும் கசிகிறது. புருவத்திற்கு மேல் கத்தியால் குத்தியது போன்ற வலி வருவது இதனால்தான். கன்னத்து அறை அடைபட்டால் மேல் வரிசைப் பற்கள் வலிக்கும். பல்லில் கோளாறு என்று பல் வைத்தியரைத் தேடி ஓடுவோர் ஜலதோஷத்தையும் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

காது வலி இறங்கிய சில நாட்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஸைனஸில் ஏற்கெனவே சீழ் கட்டி, முகம் கனத்து, குனிந்தால் நெற்றி வலித்து, காய்ச்சலும் இருக்குமாயின், அந்நிலையில் பறப்பது நோயை வளர்த்துக்கொள்வதாகும். அத்தகையோர் வைத்தியரைக் கேட்காமல் விமானம் ஏறலாகாது.

பறந்தோர் கண்ட பாடம்

இத்துன்பம் புதியதன்று, மனிதன் பறக்கத் தொடங்கிய ஆண்டிலேயே தொடங்கியது. 1783 டிசம்பர் முதல் தேதியன்று பாரிஸ் நகரில் ஷார்ல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஏறிப் பறந்தார். மாலையில் தரையிறங்கித் துணைவரை இறக்கிவிட்டுத் தாம் மட்டும் மீண்டும் ஏறினார். பாரம் குறைந்த பலூன் மிக விரைவாகச் சுமார் 3,000 மீட்டர் உயரம் சென்றுவிட்டது. அங்கே அவருடைய வலது காதில் தாங்கொணாத வலி எடுத்தது. அதன்பின் அவர் பலூனில் ஏறவேயில்லை.

நம் நாட்டில் 1950-களின் தொடக்கத்தில் உள்நாட்டுப் பயணத்திற்குப் பெரிதும் பயன்பட்டவை டக்கோட்டா விமானங்கள். அவற்றில் காற்றை அடைத்து வைக்கும் வசதி கிடையாது. பறந்த உயரத்தின் அழுத்தம் முழுவதையும் பிரயாணியின் காதே ஏற்க வேண்டும். 1957-இல் வைக்கவுண்ட் விமானங்கள் வந்த பிறகே அந்நிலை மாறத் தொடங்கியது. பின்னரும் நெடுங்காலம் இந்தியன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்து நீட்டிய வழக்கம் நம் மூத்தோர்க்கு நினைவிருக்கும். அதனை உபசாரம் என்று எண்ணியோர் பலர். மிட்டாய் உண்மையில் மருந்து. அதனைச் சப்பினால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் விழுங்குவோம், விழுங்கினால் குழல் திறக்கும். பஞ்சு இரைச்சலைத் தடுக்குமேயன்றி அழுத்தத்தைத் தடுக்காது.

விண்வெளி சென்றோரையும் ஜலதோஷம் விட்டதில்லை. 1968 அக்டோபர் 11 அன்று புறப்பட்ட அப்பல்லோ 7 கலத்தில் தலைவர் ஷிர்ராவுக்கு முதல் நாளிலேயே கடும் ஜலதோஷம் கண்டது. எடையற்ற நிலையில் சளி கீழே வடிவதில்லை. மூக்கைச் சிந்திச் சிந்தியே வெளியேற்ற வேண்டும். கலத்தினுள் இருந்த அழுத்தமோ தரையின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினால் மூக்கைப் பிடித்துக் காதைத் திறக்க வழியிராது, செவிப்பறை கிழியும் என்று அஞ்சிய அவர், தரையிலிருந்த அதிகாரிகள் எவ்வளவு வற்புறுத்தியும் கவசம் அணிய மறுத்தார். மூவரும் மூக்கடைப்பு நீக்கும் மாத்திரையை உண்டு, அக்டோபர் 22 அன்று கவசமின்றியே நலமாக இறங்கினர். அத்தனை பயிற்சி பெற்றவர் மேலதிகாரியின் ஆணையையும் மீறிக் காத்துக்கொண்டது இரண்டு விரல்களால் மூக்கைப் பிடிக்கும் உரிமையை.

ஆரோக்கியமான காதும் அழுத்தம் திடீரென மாறினால் தாங்காது என்பதை 2018 செப்டம்பர் 20 அன்று நாடே அறிந்தது. மும்பையினின்று ஜெய்ப்பூர் புறப்பட்ட விமானம் ஒன்றில் அறைக்குக் காற்றூட்டும் விசை இடப்படாமற் போயிற்று. விமானம் திரும்பி வந்து இறங்கியபோது சுமார் முப்பது பிரயாணிகளுக்குக் காதிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்திருந்தது. அடைபட்ட காதுடன் பறப்பவர் அத்தகைய துன்பத்தைச் சிறிய அளவில் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

புறப்படுமுன் ஒரு சோதனை

"ஜலதோஷம் இருந்தால் பறக்கவே கூடாதா?" என்பதே நம்மவர் கேட்கும் முதற்கேள்வி. விமானிகளுக்கு விடை திட்டவட்டமானது: காது திறவாத நிலையில் அவர்கள் பணிக்குச் செல்லலாகாது. பிரயாணிகளுக்கு அத்தகைய தடை இல்லை; ஆகவே அவரவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூக்கு ஒழுகுகிறதா, தும்மல் வருகிறதா என்பதைவிடக் காது திறக்கிறதா என்பதே இங்கு முக்கியம்.

வீட்டிலேயே அதைச் சோதிக்கலாம். வாயை மூடி, மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, எச்சிலை விழுங்குக. இரு காதுகளிலும் "டக்" என்ற சிற்றொலி கேட்டால், அல்லது செவிப்பறை அசைவது போன்ற உணர்வு தோன்றினால், குழல் வேலை செய்கிறது. தக்க முன்னேற்பாட்டுடன் பறக்கலாம். சில முறை முயன்றும் ஒரு காதிலாவது ஒன்றும் தோன்றாவிடில், தரையில் திறவாத அக்குழல் ஆகாயத்தில் திறக்கும் என்று நம்புவதற்கில்லை. பயணத்தைத் தள்ளி வைக்கக் கூடுமாயின் தள்ளி வைப்பதே நன்று. காதில் சீழ் வடிவோரும், அண்மையில் காதிலோ மூக்கிலோ அறுவை செய்துகொண்டோரும் வைத்தியரின் அனுமதி பெற்றே புறப்பட வேண்டும்.

மருந்தும் மருந்தல்லாததும்

மருந்து உண்டால் ஒரு வாரம், உண்ணாவிட்டால் ஏழு நாள் என்று ஜலதோஷத்தைப் பற்றி நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதனை நீக்கும் மருந்து இன்றும் இல்லை. அடைப்பைச் சில மணி நேரம் தளர்த்தும் மருந்துகளே உள்ளன. மூக்கில் இடும் ஆக்ஸிமெடசோலின், ஸைலோமெடசோலின் சொட்டு மருந்துகள் அவ்வகையின. இவற்றை இறக்கம் தொடங்குவதற்கு அரைமணி முன்னதாக, அதாவது விமானம் தரை தொடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி முன்னதாக இட்டுக்கொள்வது பொருந்தும். நான்கைந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து இட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

வாய்வழி உண்ணும் ஸூடோஎஃபெட்ரின் 1990-களில் அமெரிக்காவில் பெரியவர்களிடையே நடந்த சோதனைகளில் காது வலியைக் குறைத்தது. ஆனால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். இருதய நோய் உள்ளோர்க்கும், கண்ணில் நீரழுத்தம் உள்ளோர்க்கும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதியோர்க்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வைத்தியர் எழுதித் தந்தாலன்றி உண்ணத் தக்கதன்று. தூக்கம் வரவழைக்கும் ஜலதோஷ மாத்திரைகளும் மதுவும் இறங்கும் வேளையில் உறங்கவைத்துவிடும் என்பதால் விலக்கத்தக்கவை.

நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். மிளகு ரசமும் சுக்கும் தொண்டைக்கு இதமளிக்கும். நொச்சி இலையிட்டு ஆவி பிடித்தால் சற்று நேரம் மூக்கு இளகும். செய்வதில் தவறில்லை; கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே குழந்தைகளை விடாதிருந்தால் போதும். ஆனால் நீலகிரித் தைலம், மென்தால் கலந்த களிம்பு முதலியவற்றை நம்பி ஏமாறலாகாது. மூக்கினுள் குளிர்ச்சி தோன்றுவதால் அடைப்பு நீங்கியது போன்ற எண்ணம் உண்டாகுமே தவிர, அடைப்பு அங்கேயேதான் இருக்கும்.

கைக்குழந்தைகள்

குழந்தைகளின் குழல் குட்டையானது, கிடையாக அமைந்தது, எளிதில் அடைபடுவது. வலியைச் சொல்லவும் அவர்களால் இயலாது. விமானம் இறங்கத் தொடங்கியதும் குழந்தையை எழுப்பிவிட வேண்டும். உறங்கட்டும் என்று விடுவது கருணையன்று. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தாய்ப்பாலோ புட்டிப்பாலோ தண்ணீரோ கொடுத்தால் விழுங்கும்போது குழல் திறக்கும். அழுதாலும் அஞ்ச வேண்டாம். அழும்போதும் குழல் திறக்கிறது. அக்கம் பக்கத்தார் முகம் சுளிப்பார்களே என்று தாய் கூசவும் வேண்டாம். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சப்புவதற்கு மிட்டாயோ உறிஞ்சு குழாயுடன் தண்ணீரோ கொடுக்கலாம்.

குழந்தைகளுக்கு ஸூடோஎஃபெட்ரின் கொடுத்துச் சோதித்ததில் காது வலி குறையவில்லை, தூக்கமே மிகுந்தது. குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் ஆகிய இரண்டும் கலந்த ஜலதோஷ மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாதென 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். ஆதலால் பழைய புட்டியில் மிச்சமிருப்பதைக் குழந்தைக்கு ஊற்றிவிட்டு விமானம் ஏறும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

இறங்கும் அரைமணி

இறக்கம் தொடங்குவதாக அறிவித்ததும் விழித்திருக்க வேண்டும். அடிக்கடி விழுங்கலாம், கொட்டாவி விடலாம், மெல்லலாம். போதாவிடில் முன்பு சொன்ன சோதனையையே முறையாகக் கொள்ளலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கும் இம்முறை, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த டாயின்பீ என்னும் செவி வைத்தியரின் பெயரால் வழங்குகிறது. மற்றொன்று, 1704-இல் காதைப் பற்றி நூல் வெளியிட்ட இத்தாலியர் வல்சால்வாவின் முறை: வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, மூக்கைச் சிந்துவது போல் மெதுவாகக் காற்றை உந்துதல். "மெதுவாக" என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். பலங்கொண்டு ஊதினால் சளியை நடுச்செவிக்குள் தள்ளுவதோடு உட்செவிக்கும் ஊறு நேரலாம்.

இவற்றை வலி வந்த பிறகு தொடங்குவதில் பயனில்லை. வலி வருமுன், இரண்டு மூன்று நிமிஷத்திற்கு ஒரு முறை செய்துவர வேண்டும். 90 மில்லிமீட்டர்க் கணக்கை முன்னர் விவரித்தது இதற்காகவே.

இறங்கிய பின்

காது அடைத்தாற் போலவே இருந்தால் பதற வேண்டாம்; விழுங்கியும் கொட்டாவி விட்டும் வந்தால் சில மணியிலோ சில நாளிலோ பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஊர் வீட்டில் இறங்கிய கையோடு ஒரு பரிகாரம் நடப்பதுண்டு. "காது வலியா? பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விடு" என்று பாட்டியார் அன்போடு எழுந்து வருவார். அன்பை ஏற்போம், எண்ணெயை ஏற்க வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் அவ்வெண்ணெய் நேரே நடுச்செவிக்குள் சென்று புண்ணாக்கும். சிறு கிழிசல் சில வாரங்களில் தானே கூடிவிடும். அதுவரை தண்ணீரும் எண்ணெயும் உட்புகாமல் காத்தாலே போதும்.

காதினின்று இரத்தமோ நீரோ வடிந்தாலும், வலி தணியாவிடினும், சில நாளாகியும் காது கேளாவிடினும் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். தலை சுற்றலுடன் ஒரு காது திடீரெனக் கேளாமற் போனால் அன்றைக்கே காட்ட வேண்டும். அது உட்செவிக்கு நேர்ந்த ஊறாக இருக்கலாம்; நாள் கடத்தினால் கேள்வி மீளாமற் போகலாம். திரும்பும் பயணத்தையும் காது சரியானபின் வைத்துக்கொள்வதே முறை.

போகத்தான் வேண்டுமா?

இதுவரை சொன்னவை உடலின் கணக்கு. வெளியூரில் வாழும் நமக்கு மற்றொரு கணக்கும் உண்டு. கல்யாணத்திற்கும் பொங்கலுக்கும் ஒரு நாள் தாமதமாகப் போகலாம். தேதி மாற்றுவதற்குச் செலவாகும் பணம் ஒரு காதின் விலையன்று. நோய்ப்பட்ட உடலோடு ஓடி, பிறந்த பச்சிளங்குழந்தையையும் எண்பது வயதுத் தகப்பனாரையும் நம் ஜலதோஷத்துக்கு ஆளாக்குவது பாசத்தின் இலக்கணமும் அன்று. நான்கு நாள் தள்ளிப் போவதால் குறையும் உறவு நம்முடையதன்று என்று துணிந்து, ஊருக்கு ஃபோன் செய்து சொல்லிவிடலாம்.

ஆனால் விடியற்காலையில் வரும் சாவுச் செய்திக்கு எவரும் காது பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லவும் நமக்கு மனமில்லை. பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் புறப்படுகிறவனிடம் அழுத்தக் கணக்குப் பேசுவது தகாது. அவனும் கூடியவரை குறைந்த துன்பத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதே நம் விருப்பம்.

அத்தகையோர்க்கு ஓர் யோசனை. வழியில் ஓரிடத்தில் இறங்கி மறு விமானம் ஏறுவதைத் தவிர்க்க. ஒவ்வோர் இறக்கமும் காதுக்கு ஒரு சோதனை. இரண்டு முறை இறங்கினால் சோதனை இரண்டு. தில்லியினின்று மதுரைப் பக்கம் செல்வோர் சென்னைக்கு நேரே பறந்து, அங்கிருந்து ரயிலிலோ காரிலோ போவதால் நேரம் சற்றுக் கூடினாலும் காதுக்கு ஓர் இறக்கம் மிச்சம். கூடச் செல்லும் ஒருவர் இறங்கும் வேளையில் தட்டி எழுப்பித் தண்ணீர் கொடுத்தால் அதுவே பேருதவி. துக்கத்தில் இருப்பவர்க்குத் தம் காதின் நினைவு இராது. கூட இருப்பவர்க்கு இருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்துகொள்வது அடுத்த இருக்கையில் இருப்போர்க்குச் செய்யும் நன்மை.

பொங்கலுக்குப் பெட்டி கட்டும் அன்பர்கள், கட்டுமுன் ஒரு முறை மூக்கைப் பிடித்து விழுங்கிப் பார்ப்பார்களாக. இரு காதும் திறந்தால் மகிழ்ச்சியோடு புறப்படுக. திறவாவிடில், தை முதல் நாளைக்கு இல்லாவிட்டாலும் அறுவடை முடிந்த ஊரும் காத்திருக்கும் உறவினரும் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருப்பார்கள்.